பாபநாசம் பாறை ஏன் வழுக்குது? நுண்ணுயிர்ப் படலத்துக்குள் ஒளிந்திருக்கும் வர்க்கமூலக் கணக்கு

"ஏலே, பாத்து கால வையி... வழுக்கிரும்!"

பாபநாசம் படித்துறையில் குளிக்க இறங்கிய எந்தப் பிள்ளையும் இந்த வசனத்தைக் கேட்காமல் கரையேறியிருக்க முடியாது. பொதிகை மலையை விட்டு இறங்கிவரும் தாமிரபரணி முதலில் தொடும் ஊர்களில் ஒன்று விக்கிரமசிங்கபுரம். 1880களில் ஹார்வி சகோதரர்கள் இங்கே பஞ்சாலை தொடங்கியதற்கே இந்த ஆற்றின் வேகம்தான் காரணம். அவ்வளவு வேகமாக ஓடும் தண்ணீருக்கு அடியிலும் பாறை மேல் ஒரு வழுவழுப்பு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. வெள்ளம் வந்து அடித்துப் போனாலும் சில வாரங்களில் திரும்ப வந்துவிடும்.

'பாசி' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அதில் பாசி உண்டுதான். ஆனால், பாசியோடு சேர்ந்து பாக்டீரியாக்கள், ஒற்றைச்செல் உயிரிகள், அவை சுரந்த கோந்து எல்லாம் கலந்த ஒரு குடியிருப்பு அது. அறிவியல் அதை 'பயோஃபிலிம்' என்கிறது. தமிழில் நுண்ணுயிர்ப் படலம்.

ஆற்றுப் பாறையில் மட்டும் இல்லை. காலையில் பல் துலக்கும் முன் நாக்கில் தட்டுப்படும் வழவழப்பு, மொட்டைமாடி டேங்க்கின் உள்சுவரில் படியும் பிசுபிசுப்பு, மருத்துவமனையில் சிறுநீர்க் குழாய்க்குள் உருவாகும் படிவு... எல்லாமே ஒரே சாதி.

இதற்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தம்? டேங்க்கில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டியும் வழுவழுப்பு ஏன் போகவில்லை என்ற கேள்விக்குப் பதில் வேதியியலில் பாதிதான் இருக்கிறது. மீதி கணக்கில் இருக்கிறது.

340 ஆண்டுக்கு முன்பே தெரிந்த சிக்கல்

நெதர்லாந்தைச் சேர்ந்த துணி வியாபாரி ஆன்டனி வான் லேவன்ஹுக், தானே செய்த லென்ஸ் வழியாகத் தன் பல் அழுக்கைப் பார்த்தார். அதில் சின்னஞ்சிறு உயிர்கள் நெளிவதை 1683-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதமாக எழுதினார்.

அதோடு விடவில்லை. வினிகரால் பல்லைக் கழுவியும் பார்த்தார். தனியாக எடுத்த அழுக்கில் வினிகர் பட்டால் அந்த உயிர்கள் செத்துவிடுகின்றன. ஆனால், பல்லில் ஒட்டியிருந்தபோது மேலே இருந்தவைதான் செத்தன. உள்ளே இருந்தவை தப்பித்துவிட்டன. மருந்து படலத்தின் ஆழம் வரை போய்ச் சேரவில்லை என்று அப்போதே ஊகித்தார்.

அதன் பிறகு நுண்ணுயிரியல் வேறு திசையில் போனது. கண்ணாடிக் குடுவையில், சத்துநீரில் மிதக்கும் பாக்டீரியாவைத்தான் ஆய்வகங்கள் வளர்த்தன. எந்த மருந்துக்கு எவ்வளவு டோஸ் என்பதெல்லாம் பெரும்பாலும் இப்படி மிதக்கும் கிருமியை வைத்தே முடிவானது. 1978-ல் கனடாவில் பணியாற்றிய பில் காஸ்டர்ட்டனும் சகாக்களும் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில், இயற்கையில் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் மிதப்பதில்லை, எதிலாவது ஒட்டிக்கொண்டுதான் வாழ்கின்றன என்று விளக்கிய பிறகே பார்வை மாறியது.

ஒட்டிக்கொண்டதும் அவை சர்க்கரைச் சங்கிலி, புரதம், டி.என்.ஏ. கலந்த ஒரு கோந்தைச் சுரக்கின்றன. படலத்தின் பெரும்பகுதி தண்ணீர்தான்; அதை ஜெல்லி மாதிரி பிடித்து வைத்திருப்பது இந்தக் கோந்து. நம் கால் வழுக்குவதும் இதனால்தான்.

பந்தியில் கடைசி இலை

ஒரு கல்யாணப் பந்தியைக் கற்பனை பண்ணிக்கோங்க. ஒரே நீள வரிசை. சமையல்கட்டு ஒரு முனையில். சாம்பார் வாளியோடு ஒருவர் வருகிறார். முதல் இலையில் இருந்தே ஆளுக்கு இரண்டு கரண்டி. எல்லோருக்கும் நல்ல பசி. வாளி நடுவரிசையைத் தாண்டும்போதே காலி. கடைசி இலைக்காரர் வெறும் சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

படலத்துக்குள் நடப்பது இதுதான். ஆக்சிஜன், உணவு, குளோரின், ஆன்டிபயாடிக் என எதுவாக இருந்தாலும் மேற்பரப்பில் இருந்துதான் உள்ளே போக வேண்டும். போகிற வழியில் ஒவ்வொரு அடுக்கும் அதைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

இதில் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஒன்று, பரவுதல். இன்னொன்று, செலவாதல். இந்த இரண்டுக்கும் நடக்கும் போட்டிதான் படலக் கணிதத்தின் அடிப்படை. இதை 'எதிர்வினை-பரவல் சமன்பாடு' என்பார்கள்.

பரவுதல் என்பது நேராக நடந்து போவது இல்லை. நெல்லையப்பர் ஆனித் தேரோட்டக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் எப்படி நகர்வோம்? ரெண்டடி முன்னால, ஒரு அடி பின்னால, நடுவில் பக்கவாட்டில் ஒரு தள்ளு. தண்ணீரில் மூலக்கூறுகளின் நிலையும் அப்படித்தான். அதனால் தூரம் இரண்டு மடங்கு ஆனால் நேரம் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு ஆகும். தூரம் 10 மடங்கு என்றால் நேரம் 100 மடங்கு.

ஓடாமல் நிற்கும் தண்ணீரில் ஆக்சிஜன் மூலக்கூறு தோராயமாக எடுக்கும் நேரம்:

- 0.1 மி.மீ. (ஒரு ஏ4 தாளின் தடிமன்): 2 அல்லது 3 விநாடி
- 1 மி.மீ.: சுமார் 4 நிமிடம்
- 1 செ.மீ.: சுமார் 7 மணி நேரம்

படலத்துக்குள் ஆறு ஓடாது. வெளியே தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் உள்ளே இந்த 'கூட்ட நெரிசல்' பயணம் மட்டும்தான்.

நாலு மடங்கு போட்டால் ரெண்டு மடங்குதான்

இரண்டு வேலைகளையும் சேர்த்துச் சமன்பாடு எழுதித் தீர்த்தால், எளிமையான நிலையில் கிடைக்கும் விடை இது:

ஊடுருவும் ஆழம் = √(2 × பரவும் திறன் × வெளியே உள்ள செறிவு ÷ உள்ளே செலவாகும் வேகம்)

பயப்பட வேண்டாம். இதில் கவனிக்க வேண்டியது அந்த வர்க்கமூலக் குறி ஒன்றைத்தான். வெளியே செறிவை 4 மடங்கு ஏற்றினால் ஆழம் 2 மடங்குதான் கூடும். 9 மடங்கு ஏற்றினால் 3 மடங்கு. 100 மடங்கு ஏற்றினாலும் 10 மடங்குதான்.

ஆக்சிஜனை எடுத்துக்கொள்வோம். நம்மூர் வெயிலில் நல்ல தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். சுறுசுறுப்பான பாக்டீரியாப் படலத்தில் அது பெரும்பாலும் 0.1 முதல் 0.2 மி.மீ. ஆழத்துக்குள் தீர்ந்துபோகிறது. இரண்டு தாள் தடிமன். அதற்குக் கீழே காற்றே இல்லாத இன்னொரு உலகம். அங்கே ஆக்சிஜன் தேவைப்படாத பாக்டீரியாக்கள் குடியேறும். இரும்புக் குழாயை உள்ளிருந்து அரிக்கும் வகைகள் சில பதுங்குவதும் அங்கேதான். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இந்த நுண்ணுயிர் அரிப்பைப் பற்றித் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறது.

குளோரினுக்கு நிலைமை இன்னும் மோசம். கிருமியோடு மட்டும் அல்ல, கோந்தோடும் அது வினைபுரிந்து தீர்ந்துபோகும். 1994-ல் அமெரிக்காவின் மொன்டானா மாகாணப் பல்கலைக்கழகத்தில் டி பியர், சீனிவாசன், ஸ்டூவர்ட் மூவரும் ஊசிமுனை போன்ற மின்முனையைப் படலத்துக்குள் செருகி குளோரினை நேரடியாக அளந்தார்கள். உள்ளே இருந்தது, வெளியே தண்ணீரில் இருந்ததில் பெரும்பாலும் 20 சதவீதமோ அதற்கும் குறைவோதான். லேவன்ஹுக் பல்லில் ஊகித்ததை, 300 ஆண்டு கழித்துக் கருவி எண்ணாகக் காட்டியது.

குளோரின் விஷயத்தில் ஒரு ஆறுதலும் உண்டு. மேல் அடுக்கு முழுக்க வினைபுரிந்து முடிந்துவிட்டால், அடுத்து வரும் குளோரின் அதைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே போகும். ஆகவே, டோஸைப் போலவே நேரமும் ஒரு ஆயுதம். ஆனால், அங்கேயும் வர்க்கமூலம்தான்: 4 மடங்கு நேரம் காத்திருந்தால் 2 மடங்கு ஆழம்.

குழாயில் வரும் 0.2 மில்லிகிராம்

இப்போது வீட்டுக்கு வருவோம். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது. மிதந்து வரும் கிருமியைச் சமாளிக்க இது உதவும். டேங்க் சுவரில் ஏற்கெனவே ஒட்டி வளர்ந்துவிட்ட படலத்துக்கு இது கொசுக்கடி.

அப்படியென்றால் டேங்க் கழுவும்போது செய்ய வேண்டியது என்ன? கணக்கு சொல்வது எளிது: ஆழத்தை எட்ட மருந்தைக் கூட்டுவதைவிட, ஆழத்தையே குறைத்துவிடு. அதாவது, முதலில் தேய்.

- தண்ணீரை முழுக்கத் திறந்துவிட்டு, தென்னை வாரியலோ பிரஷ்ஷோ வைத்துச் சுவர், அடி, மூலை எல்லாம் தேய்க்கவும். பாதித் தடிமன் போனாலே, மீதியை ஊடுருவ குளோரினுக்குக் கால்வாசி நேரம் போதும்.
- தேய்த்த அழுக்கைக் கழுவி வெளியேற்றவும். அது உள்ளேயே கிடந்தால் குளோரினை அதுவே தின்றுவிடும்.
- பிறகுதான் பிளீச்சிங் பவுடர் கரைசல். ஊற்றிய உடனே திறந்துவிடாமல் சில மணி நேரம் ஊறவிடவும். அதன் பின் நன்றாக அலசி, அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் வெளியேற்றவும்.
- பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டைச் சேர்க்கவே கூடாது. நச்சு வாயு வரும். பெரிய டேங்க்குக்குள் தனியாளாக இறங்கவும் கூடாது.
- மூடியை வெளிச்சம் புகாமல் மூடி வைக்கவும். வெளிச்சம் இல்லாவிட்டால் பாசி வளராது.

நம்ம ஆச்சிகள் தொட்டியையும் குடத்தையும் தேங்காய் நார் போட்டுத் தேய்த்ததற்கு எந்தச் சமன்பாடும் தேவைப்படவில்லை. ஆனால், சமன்பாடு அவர்கள் பக்கம்தான் நிற்கிறது.

பட்டினி போட்டாலும் ஒழியும்

1980-ல் அமெரிக்காவில் புரூஸ் ரிட்மன், பெரி மெக்கார்ட்டி இருவரும் இன்னொரு கோணத்தில் கணக்குப் போட்டார்கள். படலத்தில் வளர்ச்சியும் உண்டு, இழப்பும் உண்டு. வளர்ச்சி வேகம் உணவின் அளவைப் பொறுத்தது. அதற்கு 1940களில் பிரான்ஸின் ஷாக் மோனோ கொடுத்த சூத்திரம் இருந்தது. உணவு ஒரு அளவுக்குக் கீழே போனால் இழப்பு வளர்ச்சியை முந்திவிடும், படலம் நிலைக்காது என்று இருவரும் காட்டினார்கள்.

இதன் பொருள், கிருமியைக் கொல்லாமலே படலத்தை அடக்கலாம். நெதர்லாந்து இன்று குழாய்நீரில் மிச்ச குளோரின் இல்லாமலே குடிநீர் வழங்குகிறது. கசிவில்லாத குழாய்கள், நல்ல ஆதார நீர் இவற்றோடு, கிருமிக்கு உணவாகக்கூடிய கரிமப் பொருட்களைத் தண்ணீரில் இருந்து முடிந்தவரை நீக்கிவிடுவதும் அதற்கு ஒரு காரணம்.

புள்ளிக் கோலத்தில் முளைத்த காளான்

ஆரம்ப மாதிரிகள் படலத்தைத் தட்டையான தோசை மாதிரி நினைத்துக்கொண்டன. 1986-ல் சுவிட்சர்லாந்தின் வானர், குயேர் இருவரும் அதே தோசைக்குள் பல வகை பாக்டீரியாக்கள் இடத்துக்குப் போட்டி போடுவதைச் சேர்த்தார்கள். ஆனால், நுண்ணோக்கியில் தெரிந்தது தோசை இல்லை. காளான், தூண், நடுவே கால்வாய் என்று ஒரு நகரமே தெரிந்தது.

1990களின் இறுதியில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிச்சியோரெயனு, வான் லூஸ்டிரெக்ட், ஹெய்னென் ஆகியோர் கணினியில் புள்ளிக் கோலம் போடுவதுபோல் கட்டம் கட்டமாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் எளிய விதி: உணவு கிடைத்தால் வளர், நிரம்பினால் பக்கத்துக் கட்டத்துக்குத் தள்ளு. 'காளான் வடிவில் வளர்' என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும், உணவு தாராளமாக இருந்தபோது படலம் சமமாக வளர்ந்தது. உணவு குறைந்தபோது தானாகவே விரல் விரலாக, காளானாக நீண்டது. கொஞ்சம் மேடாக இருப்பவனுக்கு உணவு முதலில் கிடைக்கும், அவன் இன்னும் மேலே வளர்வான், பள்ளத்தில் இருப்பவன் பட்டினி. அவ்வளவுதான் ரகசியம்.

இத்தனை மாதிரிகளில் எது சரி? சர்வதேச நீர் சங்கம் அமைத்த நிபுணர் குழு 2006-ல் இவற்றை ஒப்பிட்டு அறிக்கை வெளியிட்டது. அதன் சாரம்: கேள்விக்குப் போதுமான எளிய மாதிரியே நல்ல மாதிரி. ஒரு நாளைக்கு எவ்வளவு கழிவு சுத்தமாகும் என்பதற்குத் தோசை மாதிரியே போதும். வடிவம் ஏன் இப்படி என்பதற்குத்தான் புள்ளிக் கோலம் தேவை.

தமிழ்நாட்டில் யார் இதைச் செய்கிறார்கள்?

மதுரை மதுரா கல்லூரிக் கணிதத் துறையில் பணியாற்றிய எல்.ராஜேந்திரனும் உடன் ஆய்வாளர்களும், உயிரி உணரிகள், நொதிகள் தொடர்பான எதிர்வினை-பரவல் சமன்பாடுகளுக்குக் கணினியை மட்டும் நம்பாமல், பேனாவால் எழுதக்கூடிய தோராயச் சூத்திரங்களைக் கண்டுபிடித்து வந்தவர்கள். படல உலைகளின் 'செயல்திறன் காரணி'க்கும் அப்படியொரு சூத்திரம் வெளியிட்டார்கள். பந்திக் கணக்கில் சொன்னால், எல்லா இலைக்கும் சாம்பார் போயிருந்தால் எவ்வளவு செலவாகியிருக்குமோ, அதில் உண்மையில் எத்தனை பங்கு செலவானது என்பதே இந்தக் காரணி. சூத்திரம் கையில் இருந்தால், எதை மாற்றினால் எது மாறும் என்று பொறியாளர் உடனே பார்த்துவிடலாம்.

கல்பாக்கத்தில் பாபா அணு ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள், அணுமின் நிலையக் குளிர்விப்புக் குழாய்களில் படியும் கடல் நுண்ணுயிர்ப் படலத்தை நீண்ட காலமாக ஆராய்கிறார்கள். அங்கே எதிரியாக இருந்ததையே தொழிலாளியாகவும் மாற்றியிருக்கிறார்கள். பாக்டீரியாக்களைச் சிறு உருண்டைகளாக வளர்த்துக் கழிவுநீரைச் சுத்திகரிப்பது அந்த முறை. உருண்டையின் வெளிப்புறத்தில் ஆக்சிஜன் உண்டு, உள்ளே கிடையாது. அம்மோனியாவை மாற்ற வெளி அடுக்கு, நைட்ரேட்டை வாயுவாக வெளியேற்ற உள் அடுக்கு. நாம் பார்த்த ஊடுருவும் ஆழம்தான் இங்கே இரண்டு அறைகளுக்கு நடுவில் சுவர். அங்கே உருவான இந்தத் தொழில்நுட்பம் 2025 மகா கும்பமேளாவில் பிரயாக்ராஜில் பயன்பட்டது.

காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் படலம் உருவாகாமல் தடுக்கும் பொருட்களைக் கடல் நுண்ணுயிரிகளிலும் தாவரங்களிலும் தேடுகிறார்கள். படலத் தொற்றுகளில் ஆன்டிபயாடிக் தடுமாறுவதற்கு ஊடுருவாமை மட்டும் காரணம் இல்லை. பல மருந்துகள் உள்ளே போய்விடுகின்றன. ஆனால், பட்டினியில் கிடக்கும் உள் அடுக்குக் கிருமிகள் வளராமல் தூங்குகின்றன. வளரும் கிருமியைத் தாக்கும் மருந்துக்குத் தூங்குபவன் சிக்குவதில்லை. கொல்வதைவிட ஒட்டவிடாமல் தடுப்பது மேல் என்ற யோசனை வந்தது இதனால்தான்.

ஆற்றுக்கும் ஒரு எல்லை உண்டு

கடைசியாக, திரும்பவும் பாறைக்கு.

அந்த வழுவழுப்பு ஆற்றின் எதிரி இல்லை. மேலே பாசி ஆக்சிஜன் விட, கூடவே இருக்கும் பாக்டீரியாக்கள் தண்ணீரில் வரும் கழிவைத் தின்கின்றன. 'ஆறு தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கும்' என்று பெரியவர்கள் சொல்வதில் பெரும்பங்கு இந்தப் படலத்தின் உழைப்பு.

ஆனால், அதே சூத்திரத்தை இங்கே வைத்துப் பாருங்கள். டேங்க்கில் குளோரினைக் கூட்டலாம். ஆற்றில் ஆக்சிஜனைக் கூட்ட முடியுமா? நம்மூர் வெப்பத்தில் காற்றில் இருந்து அந்த 8 மில்லிகிராமுக்கு மேல் பெரிதாகக் கரையாது. கழிவு அதிகமானால் படலத்துக்குள் ஆக்சிஜன் செலவாகும் வேகம் கூடும், வகுத்தல் குறிக்குக் கீழே உள்ள எண் பெரிதாகும், ஆழம் சுருங்கும். உழைக்கும் அடுக்கு மெலிந்து, கீழே காற்றில்லாத அடுக்கு தடிக்கும். சாக்கடை கலக்கும் இடங்களில் பாறை பச்சையாக இல்லாமல் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வீசுவதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

தாமிரபரணி சுமார் 125 கிலோமீட்டர் நீளம். நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களின் குடிநீர் பெருமளவு இதை நம்பித்தான். இதில் கழிவுநீர் கலக்கும் வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகள் 2024-ல் நேரில் வந்து பார்க்கும் அளவுக்கு நிலைமை போனது. ஆறு தானே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாது. அந்தச் சூத்திரத்தில் நம் கையில் இருப்பது ஒரே ஒரு எண்தான்: உள்ளே விடும் கழிவின் அளவு.

பாபநாசத்தில் பாறை வழுக்கினால் பார்த்துக் கால் வைத்தால் போதும். அது உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.